கிரிசாந்தோ திரும்பி உட்கார்ந்தார்

தட்டைக் காலி செய்ய கிரிசாந்தோவுக்கு நான்கு நிமிடம் போதும். செபு நகரில் ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருமே அவசரக்காரர்கள்தான். ஆனால் இவர் வண்டியை நிறுத்திவிட்டு, மதியம் வீட்டில் தனியாகச் சாப்பிடும்போதும் வாசலுக்கு முதுகைக் காட்டி, இடது கையால் தட்டை வளைத்துக்கொண்டுதான் உட்காருவார். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் தட்டை யார் பிடுங்கப் போகிறார்கள்?

அந்த ஊரில் சாப்பிடுகிறவர் தெருவில் போகிறவரைப் பார்த்து, "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லியே ஆகவேண்டும். போகிறவர் "இப்பத்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டவேண்டும். ஏழு வயதில் கிரிசாந்தோவுக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. ஒன்பது பிள்ளைகள் வீட்டில் ஆறாவது அவர். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். போய் உட்கார்ந்து சோளச்சோற்றையும் கருவாட்டையும் வழித்துத் தின்றுவிட்டார். தெருவே சிரித்தது. அம்மா அடிக்கவில்லை, அழுதாள். அதுதான் கொடுமை. அன்றிலிருந்து அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

இப்போது சர்க்கரை முந்நூறைத் தொட்டிருந்தது. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் வண்டி ஓட்டச் சான்று கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கை விட்டால் கிரிசாந்தோவுக்கு வேறு எதுவும் தெரியாது.

சுகாதாரப் பணியாளர் மெல்பா எடை பார்க்க வந்தாள். "பொறந்தப்ப எவ்வளவு எடை இருந்தீங்கண்ணே?"

"செருப்புப் பெட்டியில படுக்க வச்சாங்களாம். அதுலயும் பாதி இடம் மிச்சமாம்."

"அம்மா வயித்துலயே பட்டினி பழகின ஒடம்பு. கெடைச்சதைப் பதுக்கத்தான் அதுக்குத் தெரியும். ஒங்க குத்தமில்ல. ஆனா இனிமே பாதிச் சோறு, இருபது நிமிஷம். தனியா உக்காந்தா நடக்காது. வாசலைப் பாத்து உக்காந்து யார்கூடயாவது பேச்சுக் குடுங்க."

திரும்பி உட்கார்ந்துவிட்டார். வாய் திறக்கத்தான் ஒரு வாரம் ஆனது. "வாங்க, சாப்பிடலாம்!"

"கிரிசாந்தோவா கூப்பிடறான்? இன்னிக்கு மழைதான்!" என்று தெரு கிண்டலடித்தது. எல்லாரும் "ஆச்சு, ஆச்சு" என்று போனார்கள். அவருக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான்.

மாடியில் குடியிருந்த ஜொவிலின் மட்டும் நின்றாள். ஏழாவது மாதம், புருஷன் கப்பலில். "நெசமாவாண்ணே? பசி உயிர் போகுது" என்று எதிரில் உட்கார்ந்தே விட்டாள்.

கிரிசாந்தோவின் இடது கை தானாகவே தட்டை வளைத்துக்கொண்டது. எதிரே அவள் வயிறு. இப்படித்தானே தன் அம்மாவும் தன்னைச் சுமந்துகொண்டு, எத்தனை வாசலில் "ஆச்சு" என்று பொய் சொல்லியிருப்பாள்! கையை எடுத்து, பாதிச் சோற்றையும் மீனின் பெரிய துண்டையும் அவளுக்கு வைத்தார்.

தெருவில் எவனோ சிரித்தான்.

"என்னடா சிரிப்பு?" என்று கிரிசாந்தோ கத்தினார். "புள்ள சாப்பிடுது, தெரியல?"

அதன்பிறகு தினமும் மதியம் ஜொவிலின் வந்தாள். வாய் ஓயாதவள். அவள் பேசி முடிப்பதற்குள் அரை மணி ஓடிவிடும், சோறும் பாதிதான். மூன்றாம் மாதம் சர்க்கரை நூற்று அறுபது. சான்று கைக்கு வந்தது.

அதே வாரம் மெல்பா வாசலில் நின்று சத்தம் போட்டாள்: "பொண்ணு பொறந்தாச்சு! மூணு கிலோ நூறு!"

"அய்யோ, செருப்புப் பெட்டி பத்தாதே!" என்றார் கிரிசாந்தோ. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் கொட்டியது.