மேலாளருக்கு மட்டும் ஒரு சேர்வர்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சுற்றுலாப் படகுகளுக்கும் உப்புவெளி விடுதிகளுக்கும் இணையத்தில் இடம் பதிந்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தேன். எங்கள் இணையத்தளத்தை இயக்க மூன்று சேர்வர் கணினிகள் இருந்தன. தளத்துக்கு வருகிறவர்களை மூன்றுக்கும் பிரித்து அனுப்பும் லோட் பாலன்சரை அமைத்தவள் நான். ஒரு சேர்வர் நின்றுபோனால் அதற்கு ஆட்களை அனுப்பாமல் தடுக்கும் சோதனையையும் அதில் போடவா என்று மேலாளரிடம் கேட்டேன்.

"சீசன் நேரம் கை வைக்காதேங்கோ பிள்ளை," என்றார்.

அந்தச் சீசனிலேயே ஒரு சேர்வர் நின்றது. வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு வெற்றுப் பக்கம்தான் கிடைத்தது. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். மேலாளர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அப்பிடி ஒரு சோதனை இருக்கெண்டு பிள்ளை எனக்குச் சொல்லவேயில்லை."

முதலாளி என்னை ஏசித் தீர்த்தார். கழிவறையில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து அந்தச் சோதனையைப் போட்டேன். பிறகு, ஒதுக்கி வைத்திருந்த மிகப் பழைய சேர்வர் ஒன்றை மறுபடி இயக்கினேன். மேலாளர் தன் பெயரில் உள்ளே வந்தால் அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு மட்டுமே போகும்படி ஒரு விதி எழுதினேன்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் தளம் பறந்தது. அவருடைய திரையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. புதுக் கொம்பியூட்டர் வாங்கினார். அதிலும் சுற்றியது. முதலாளியிடம் முறையிட்டார். முதலாளி தன் கைபேசியில் திறந்து பார்த்தார்; உடனே திறந்தது.

"மற்ற ஆக்களுக்கெல்லாம் ஓடுது. உங்களுக்கு மட்டும் ஏன் ஏலாமல் கிடக்கு? வேலை செய்ய விருப்பமில்லையோ?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பின்னேரம் மேலாளர் என் மேசைக்கு வந்தார். "நீங்கள் ஏதோ செய்து வைச்சிருக்கிறீங்கள்."

"ஓம் சேர், செய்தனான். அண்டைக்குச் சொன்னது பொய் எண்டு முதலாளியிட்டச் சொல்லுங்கோ. உடனே எடுத்துவிடுறன்."

"நான் இப்பவே போய் உங்களைப் பற்றிச் சொல்லுவன்."

"வாங்கோ, ரெண்டு பேரும் போவம். ஏன் செய்தனான் எண்டு அவர் கேப்பார்தானே."

அவர் போகவில்லை. நானும் விதியை எடுக்கவில்லை. சீசன் முடிவதற்குள் கொழும்பில் வேறு வேலை தேடிக்கொண்டார். கடைசி நாள் பையோடு வந்து என் முன்னால் நின்றார்.

"இப்ப சந்தோசமோ?"

"இல்லை சேர். நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்."