ஒன்பது செகண்டு வீடியோ

உங்கள் தாத்தாவின், அதாவது என் அப்பாவின், சாவு வீட்டில் நான் ஒரு மனிதரைப் பார்த்து ஒரு பேச்சுப் பேசினேன். நீங்கள் இரண்டு பேரும் அப்போது என் பக்கத்தில்தான் நின்றீர்கள். அதன் மீதியையும் என்னிடமிருந்தே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு வராமல் எழுதப் பார்க்கிறேன்.

வடக்குத்து ஊரில் நம் தெருவில் இரண்டு வண்டிகளில் பெட்ரோல் திருடு போன பிறகுதான் அந்தக் கேமராவை வாங்கினேன். வாசல் சுவரில் கேட்டைப் பார்க்கிற மாதிரி மாட்டினேன். ஆள் நடமாடினால் தானாகவே படம் பிடித்து, வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்பிவிடும். நம் பக்கத்து வெயிலும் சுரங்கத்துக் கரித்தூளும் உங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு மூடி வேண்டும் என்று நினைத்தேன். பழைய இரும்புக் கடையில் சுரங்கத்தில் கரி சுமந்து ஓடுகிற கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று வாங்கி, கிரைண்டரால் அறுத்து, மேல்புறமும் பக்கங்களும் மூடி முன்பக்கம் மட்டும் திறந்த கூண்டு மாதிரி செய்து மாட்டினேன். நம் பக்கத்தில் அந்தப் பெல்ட் இல்லாத வீடு உண்டா? மாட்டுக்கு அடியிலும் அதுதான், குளியலறை வாசலிலும் அதுதான். சுரங்கத்தில் அந்தப் பெல்ட்டை ஒட்டி ஜாயின்ட் போடுவதே என் வேலை என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை.

கொஞ்ச நாளிலேயே வீடியோ எல்லாம் பாதியில் நிற்க ஆரம்பித்தது. பத்து செகண்டு ஓடும், படம் உறைந்துவிடும்.

"இன்னாங்க, உங்க கேமராவுல நாய்க்கு வாலே வரமாட்டேங்குது. தலை வந்ததும் நின்னுடுது" என்று உங்கள் அம்மா சொன்னாள்.

"திருடனுக்கு வாலா இருக்கு? மூஞ்சி தெரிஞ்சா போதும், வுடு" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு அப்படியே விட்டேன். ஓடுகிற பெல்ட்டில் சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஓரத்தில் இருக்கிற அவசரக் கயிற்றை இழுத்து நிறுத்திவிட்டுப் பார்க்கிற ஆள் நான். வீட்டுச் சாமானில் அந்தக் கவனம் வரவில்லை.

தாத்தா விழுந்த அன்று எனக்குக் காலை ஷிப்ட். நீங்கள் பள்ளிக்கூடத்தில். அம்மா ரேஷன் கடையில். உச்சி வெயிலில் கேட்டைத் திறக்கப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். அம்மா திரும்பி வந்து பார்த்து, அலறி, அந்த வழியாக வந்த ஒரு வேனை மறித்து ஏற்றிக்கொண்டு போனாள். எனக்குத் தகவல் வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவருக்குப் பேச்சு நின்றிருந்தது.

வராந்தாவில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அந்த நேரத்தில் இரண்டு வீடியோ வந்திருந்தது. ஒன்றில் தாத்தா கேட்டைப் பிடிக்கிறார், அதோடு நின்றுவிட்டது. இன்னொன்று ஒன்பது செகண்டு. எதிர்வீட்டு அண்ணன் ஓரமாக வருகிறார். நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர்தான். அவரும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, அன்று மதியம் இரண்டாவது ஷிப்டுக்குப் போக வேண்டியவர். கீழே கிடக்கிற தாத்தாவைக் குனிந்து பார்க்கிறார். நிமிர்கிறார். முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறார். அவ்வளவுதான்.

அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைத் திருப்பினார்.

மூன்றாம் நாள் தாத்தா போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தோம். எதிர்வீட்டு அண்ணன் மாலையோடு உள்ளே வந்தார். நான் எழுந்து வழியில் நின்றேன்.

"உயிரோட கெடந்தப்ப பாத்துட்டுப் போன. செத்த பெறகு மாலை எடுத்துக்கினு வரியா?"

அதுவரை அவரை நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி சொல்ற? ஆட்டோ கூட்டியாரத்தான் ஓடினேன்."

"ஓடினியா? மூஞ்சத் திருப்பிக்கினு போறதுதான் இதுல இருக்கு. எங்க உன் ஆட்டோ?" போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். சுற்றி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது செகண்டு ஓடி நின்றது. "அடப்பாவி" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அண்ணன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தெருவில் அவரோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். அவர் மனைவி தண்ணீர் பிடிக்க வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு அதுவும் போதவில்லை. அவர் கேட்டைத் தாண்டிச் சாவகாசமாக நடந்து போவதும் வீடியோவின் மீதியில் இருக்க வேண்டும், அதையும் எடுத்துவிட்டால் அவரால் பேசவே முடியாது என்று நினைத்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் கூடும். அதற்குள் முழு வீடியோ வேண்டும். அந்தக் கேமராவை நான் சரிபார்க்க உட்கார்ந்தது இதற்காகத்தான். இதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதிப் பிரயோஜனமில்லை.

போனில் இடம் இல்லையோ என்று பழைய படங்களை அழித்தேன். கேமராவுக்குப் போகிற கரண்ட் குறைகிறதோ என்று அடாப்டரை மாற்றினேன். செட்டிங்கில் வீடியோ எவ்வளவு நேரம் என்ற இடத்தில் பத்து செகண்டு இருக்கும் என்று பார்த்தால், ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருந்தது. வைஃபை பெட்டியை ஜன்னல் ஓரமாக நகர்த்தி வைத்தேன். கேட்டருகே நானே நடந்து பார்த்தேன். என்னையும் பாதியில் விட்டது. கடைசியில் டவுன்ஷிப்பில் எனக்கு அந்தக் கேமராவை விற்ற கடைக்காரரைக் கூட்டிவந்தேன்.

அவர் ஏணியில் ஏறி, தன் போனைக் கேமரா பக்கத்தில் வைத்து சிக்னல் பார்த்தார். கூண்டுக்கு வெளியே நன்றாக இருந்தது. கூண்டுக்குள் போனை விட்டதும் ஒரு கோட்டுக்கு இறங்கியது. வெளியே எடுத்தார், ஏறியது. திரும்ப உள்ளே விட்டார், இறங்கியது.

"இது இன்னா சார் சட்டி கவுத்து வச்சிருக்கீங்க?"

"பெல்ட்டுங்க. தூசி போவாம இருக்க."

அறுபட்ட ஓரத்தை விரலால் தடவினார். "உள்ள முழுக்கக் கம்பியா இருக்கே. சிக்னல் எப்படிங்க வெளிய வரும்?"

அந்தப் பெல்ட்டின் ரப்பரை உரித்து, உள்ளே இருக்கிற இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஒட்டுவதுதான் நான் இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்குகிற வேலை. அறுக்கும்போது பொறி பறந்ததையும் பார்த்தவன் நான்தான். வேறு வேலை செய்கிறவன் தகரத்தையோ பிளாஸ்டிக் வாளியையோ கவிழ்த்திருப்பான். தகரமாக இருந்தால்கூட இரும்பாச்சே என்று யாராவது யோசித்திருப்பார்கள். எனக்கு அது கம்பி என்றே தோன்றவில்லை, பெல்ட் என்றுதான் தோன்றியது.

"போனுக்கு வரதுதான் நடுவுல அறுந்து போவுது. கேமராவுக்குள்ள ஒரு மெமரி கார்டு போட்டிருப்பேனே, அதுல முழுசா இருக்கும்" என்றார். கார்டைக் கழற்றித் தன் லேப்டாப்பில் போட்டார். உங்கள் அம்மாவும் வந்து நின்றாள். அந்த நாளைத் தேடி எடுத்தார்.

அண்ணன் வருகிறார். குனிகிறார். நிமிர்கிறார். முகத்தைத் திருப்புகிறார். இதுவரை எனக்கு மனப்பாடம். அதற்கு அப்புறமும் படம் ஓடியது. திரும்பியவர் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்துக் கூப்பிடுகிறார். இந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிடுகிறார். யாரும் வரவில்லை. தாத்தாவின் கைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. தன் தோள் துண்டை எடுத்து மடித்துத் தலைக்கு அடியில் வைக்கிறார். வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து, வெயில் முகத்தில் விழாதபடி சாய்த்து நிறுத்துகிறார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மெயின் ரோடு பக்கம் ஓடுகிறார். ஓடித்தான் போகிறார்.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, போனுக்கு வந்தே சேராத இன்னொரு வீடியோ. வாசலில் ஓர் ஆட்டோ வந்து நிற்கிறது. அவர் இறங்கி வருகிறார். அந்த இடத்தில் தாத்தா இல்லை. வீட்டை நோக்கி வந்து கூப்பிட்டுப் பார்க்கிறார், யாரும் இல்லை. ஆட்டோக்காரரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டுப் போகிறார்.

"ஐயோ, அந்தத் துண்டு மாமாவுதுன்னு நெனச்சிட்டேங்க. நாற்காலியும் அவரு ஒக்காரப் போட்டதுன்னு இருந்துட்டேன்" என்றாள் உங்கள் அம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதைத் துவைத்து, தாத்தா வேட்டியோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருந்தாள். கடைக்காரர் லேப்டாப்பை மூடாமல் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடியோவைப் போனில் ஏற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் மனைவிதான் பேசினாள். "இன்னும் இன்னா காட்ட வந்த? அன்னிக்கு ஷிப்டுக்குக்கூடப் போவல, ஆப்சென்ட் போட்டுட்டாங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போயி விசாரிக்கலாமான்னு என்னக் கேட்டுக்கினு நின்னாரு இந்த மனுஷன்."

"அண்ணே, முழுசும் கெடச்சிடுச்சி. நீங்க ஓடினது, துண்டு வச்சது, எல்லாம். பாருங்கண்ணே" என்று போனை நீட்டினேன்.

"எனக்கு எதுக்குப்பா காட்டற? அங்க இருந்தது நாந்தானே."

நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்துதான் சொன்னார். "இங்க ஒத்தையில வந்து சொல்றியே தம்பி, அன்னிக்கு எத்தன பேருக்கு நடுவுல சொன்ன?"

பதினாறாம் நாள், இலை போடுவதற்கு முன்னால் நான் எழுந்து நின்றேன். உங்களுக்கு அது நினைவிருக்கும், ஆனால் ஏன் என்று அப்போது புரிந்திருக்காது. "அன்னிக்கு எதிர்வூட்டு அண்ணனப் பத்தி நான் சொன்னது பொய். பாதியப் பாத்துட்டு முழுசும் பாத்த மாதிரி பேசிட்டேன்" என்றேன்.

"பசங்கல்லாம் பசியா இருக்காங்க, அப்பறமா பேசிக்கலாம்பா" என்று உறவில் பெரியவர் ஒருவர் சொன்னார். நான் உட்காரவில்லை. முழு வீடியோவையும் டிவியில் போட்டேன். அடப்பாவி என்று சொன்னவரும் அங்கே இருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அந்த வார்த்தையை அவர் வாயில் வரவழைத்ததே நான்தான்.

அண்ணன் வரவில்லை. இன்றுவரை நம் வாசற்படி ஏறவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. தெருவில் அவரைக் கண்டால் நீங்கள் ஒதுங்கிப் போகாதீர்கள். பெரியப்பா என்று கூப்பிட்டு, நின்று பேசிவிட்டு வாருங்கள். அவரிடம் தப்பாகப் பேசியது நான், நீங்கள் இல்லை.