ஜெசிந்தாவின் அம்மா கற்காத வரி

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்தேன். வேம்பார் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்துப் பழகியதுதான் என் சங்கீதப் படிப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கு ஒரு வகுப்பு. அதையும், "பாட்டுதானே டீச்சர், கணக்குக்குத் தந்திருங்க" என்று கணக்கு டீச்சர் கேட்டால் கூச்சத்தில் கொடுத்துவிடுவேன். மிஞ்சிக் கிடைத்த வகுப்புகளில் ஒரு மாதா பாட்டை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பாட்டு பாதியில் இருக்கும்போது என் மாணவி ஜெசிந்தா மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள்.

சில வாரங்கள் கழித்து, மீன் விற்கும் அவள் அம்மா கூடையை வெளியே இறக்கிவிட்டு வகுப்பு வாசலில் நின்றார்.

"எம் மவ இங்கன படிச்ச வரிய வீட்டுல வந்து எனக்குச் சொல்லித் தருவா டீச்சர். பாதிதான் தெரியுது. மிச்சத்தையும் சொல்லித் தாரியளா?"

பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரி கற்றுக்கொண்டு போனார். பிறகு வெள்ளிதோறும் வந்தார். நானும் அந்த வகுப்பை யாருக்கும் கொடுக்கவில்லை.

கடைசி வரியைத் தொடங்கப் போன அன்று அவர் எழுந்துகொண்டார்.

"இந்த வரி வேண்டாம் டீச்சர். இதையும் படிச்சிட்டா, அவ எனக்குச் சொல்லித் தர ஒண்ணுமே மிச்சம் இருக்காதுல்லா."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஆர்மோனியத்தை மூடினேன்.

ஓய்வு பெறும்வரை வருடந்தோறும் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். கடைசி வரிக்கு முன்னால் என் கண் தானாகவே கடைசி பெஞ்சுக்குப் போய்விடும்.