வெள்ளிக்காசின் ஓரத்தில் ஒரு வெட்டு

அந்த வெள்ளிக்காசு இப்போது பளபளவிடம்தான் இருக்கிறது. இருந்து என்ன பிரயோசனம்? பெட்டியைத் திறப்பான், பார்ப்பான், மறுபடி மூடி வைப்பான்.

பளபள என்பது பட்டறையில் வைத்த பெயர். தண்ணீர்க் குழாய்களுக்கு மெருகு போடுவது அவன் வேலை. சுழலும் துணிச்சக்கரத்தில் மெழுகைத் தடவி, குழாயை அழுத்திப் பிடிப்பான். சொரசொரவென்று வந்த சனியன் முகம் பார்க்கும்படி மாறிவிடும். "இவன்கிட்ட கரிக்கட்டையைக் குடுத்தாலும் மின்ன வச்சிருவான்டா" என்று கேலி செய்வார்கள். கேலியில் பாதி பொறாமை. சக்கரத் தூசியால் அவன் துப்புகிற எச்சில்கூடக் கறுப்புதான். அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதில்லை.

பெற்றவர்கள் போன பிறகு தம்பியை வளர்த்தது அந்தச் சக்கரம்தான். தம்பியோ வளர்ந்ததும் கடலுக்கடியில் முங்கும் வேலைக்குப் போனான். மூழ்கிய பழைய கப்பல்களில் கிடப்பதை மேலே எடுத்து வரும் கம்பெனி.

"மூச்சைப் பணயம் வச்சுச் சம்பாதிக்கணுமாடா?"

"நீ மட்டும் தூசியை முழுங்கிச் சம்பாதிக்கலாமாண்ணே?"

பளபள கறுப்பாகத் துப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

தம்பி முங்கிய ஒரு கப்பல் மூழ்கி முந்நூறு வருஷமாம். தம்பி அங்கிருந்து எடுத்த வெள்ளிக்காசுகளில் ஒன்றைக் கம்பெனியே அவனுக்குப் பரிசாகக் கொடுத்தது. கன்னங்கரேலென்று, கடல் அரித்ததுபோக, யாரோ ஒரு ராஜாவின் மூக்கு மட்டும் மிச்சமிருந்தது. அடுத்த தடவை முங்கிய தம்பி மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தம்பி மனைவிக்கு மிஞ்சியது அந்த ஒற்றைக் காசுதான். எந்நேரமும் அதைக் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் அதைப் பளபளவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "கழுத்துல போட்டுக்கிற மாதிரி ஒரு வளையம் மட்டும் வச்சுக் குடுங்க மாமா."

வளையம் மட்டும்தான் கேட்டாள். பாழாய்ப்போன கை சும்மா இருந்ததா? கறுப்பைக் கண்டால் வேலை இன்னும் முடியவில்லை என்று பழகிய கை அது. பாவம், இந்த அழுக்கையா மாட்டிக்கொண்டு திரிவாள் என்று மனம் வேறு இளகிவிட்டது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சக்கரத்தை ஓட்டினான். காசின் ஓரத்தில் ஆழமாக ஒரு வெட்டு இருந்தது. முதல் வேலையாக அதை அரத்தால் ராவி நிரவினான். பிறகு கறுப்பு போனது. கறுப்போடு ராஜாவின் மூக்கும் போனது. போகட்டும், அவன் என்ன நமக்குச் சித்தப்பனா என்று சிரித்துக்கொண்டான். தம்பி போன பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

வளையமும் வைத்துக் கொண்டுபோய் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"இங்க ஒரு வெட்டு இருந்துச்சே மாமா?"

"நிரவிட்டேன்மா. இருந்த இடமே தெரியாது பாரு" என்றான் பெருமையாக.

"பாறையில ஒட்டிக்கிட்டிருந்ததை அவரு கத்தியால நெம்பி எடுத்தாரு. அப்பப் பட்ட வெட்டு அது. அவரு கை பட்ட அடையாளம்னு எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தாலும் தேவலை. காசை அவன் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தாள். "நீங்களே வச்சுக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் பட்டறைக்கு ஓடினான். சக்கரத்துக்கு அடியில் மண்டியிட்டு இரண்டு கையாலும் துழாவினான். குவிந்து கிடந்த தூசி முழுக்கக் கறுப்பு. எது குழாயின் தூசி, எது காசின் தூசி, யார் கண்டது? அங்கேயே உட்கார்ந்து, தம்பி செத்த அன்றைக்கு வராத அழுகையை அழுதான்.

அதற்குப் பிறகு அவன் அந்தக் காசைத் துடைப்பதே இல்லை. வெள்ளி மெல்ல மெல்லக் கறுத்து வருகிறது. அது கறுக்கக் கறுக்க, பெட்டியைத் திறந்து விரலால் ஓரத்தைச் சுற்றித் தடவிப் பார்க்கிறான். வழவழவென்று இருக்கிறது. அவன் கைவேலை அப்படி.