நீதிபதியாகப் போனவளுக்கு ஒரு மதிய விருந்து

கலியாணத்துக்குப் பிறகுதான் நான் சுவிற்சர்லாந்தின் பீல் நகரத்துக்கு வந்தேன். கணவருக்கு இங்கே கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. அதற்கு முன், அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் சொலிசிற்றராக, அதாவது சட்டத்தரணியாக, இருந்தேன். காணி உறுதி, மரண சாசனம், வேலிச் சண்டை, குடித்துவிட்டுக் கார் ஓட்டியவனின் வழக்கு என்று அந்த ஊரின் தலையிடி எல்லாம் முதலில் எங்களிடம்தான் வரும். அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் டொக்டர். நான் வளர்ந்ததும் படித்ததும் அந்த ஊரின் ஓயாத மழைக்குள்தான்.

இங்கே என் படிப்பை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் எழுந்து பேச முடியாது. ஒரு கொம்பனியில் ஆங்கில ஒப்பந்தங்களைப் படித்துப் பிழை பார்க்கிறேன். நல்ல வேலை, நல்ல மனிதர்கள். மதியத்தில் பிரெஞ்சிலும் சுவிஸ் ஜெர்மனிலும் காலநிலையைப் பற்றியும் விடுமுறையைப் பற்றியும் அன்பாகக் கதைப்பார்கள். ஆனால் யாரும் யாரைப் பற்றியும் வம்பு பேசுவதில்லை.

நான் ஏங்கியது அந்த வம்புக்குத்தான். அந்த ஊரில் வழக்கு நாளென்றால் நானும் என் தோழியும் காலையில் எதிரெதிர்ப் பக்கம் நிற்போம். என் கட்சிக்காரர் பொய் சொல்கிறார் என்பதை அவள் அந்தச் சொல்லைப் பாவிக்காமலே நீதிபதிக்கு விளங்கவைப்பாள். மதியம் நீதிமன்றத்துக்கு எதிரேயிருந்த ஹோட்டலில் ஒரே மேசையில் சூப் குடிப்போம். ஈரம் காயாத கோட்டுகள் கதிரைகளில் தொங்கும். யாருடைய அலுவலகம் யாருடையதோடு சேரப்போகிறது, யாரைப் பங்காளியாக எடுக்கிறார்கள், எந்த நீதிபதிக்கு இன்று முழங்கால் வலி என்பதெல்லாம் சூப் ஆறுமுன் தெரிந்துவிடும்.

போன மாரியில் அந்தத் தோழியை நீதிபதியாக நியமித்தார்கள். ஊர்ச் சொலிசிற்றர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை அதே ஹோட்டலில் மதிய விருந்து வைத்தார்கள். நான் விமானச் சீட்டும் எடுத்துவிட்டேன். விருந்துக்கு முதல் நாள் மகளுக்குக் கடும் காய்ச்சல். வரமுடியாது என்று தோழிக்குச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது: "அப்ப போனில வா. உனக்கெண்டு ஒரு கதிரை விட்டிருக்கிறம்."

நான் அலுமாரியிலிருந்து கறுப்புக் கோட் சூட்டை எடுத்து உடுத்தேன். கணவர் பார்த்தார்.

"வெளிக்கிட்டு எங்க போறீர்?"

"விருந்துக்கு."

"குசினிக்குள்ளயோ?"

"ஓம்."

அவர் சிரிக்கவில்லை. என் பின்னால் தெரியக்கூடிய இடத்தில் காயவைத்திருந்த சட்டி பானைகளை எடுத்து ஒதுக்கிவிட்டு, மகளின் அறைக்குப் போனார்.

அங்கே வீடியோ அழைப்பில் இருந்த என்னை, போனோடு தண்ணீர்ச் சாடியில் சாய்த்து வைத்தார்கள். ஒவ்வொரு முகமாக வந்தது. எல்லாரும் சுவிஸ் சீஸைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு யாரோ தண்ணீர் வார்க்கச் சாடியைத் தூக்க, போன் மல்லாந்து விழுந்தது. கூரையும் ஒரு விளக்கும் மட்டும் தெரிந்தன. ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கரண்டிச் சத்தமும் ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுவதும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. கண்ணை மூடினால் நானும் அங்கேதான்.

அப்போது ஒருவர் கழுதைக் கதையைத் தொடங்கினார். தோட்டத்தை மேய்ந்த ஒரு கழுதையை இரண்டு அயலவர்களும் தங்களுடையது இல்லை என்று மறுத்த வழக்கு. "அப்படியென்றால் இது யாருடைய கழுதை?" என்று நீதிபதி கேட்க, "கழுதைக்கும் ஒரு சொலிசிற்றர் தேவை போலிருக்கிறது, ஐயா" என்று பதில் சொன்னது நான். ஆனால் அவர் சொன்ன கதையில் அந்தப் பதிலைச் சொன்னது, நான் போன பிறகு என் இடத்துக்கு வந்த இளைஞர். மேசை முழுவதும் சிரித்தது.

தேத்தண்ணியோடு வந்த கணவர் நின்று கேட்டார். "இது உம்மட கதையெல்லோ?"

"ஓம்."

"சொல்லுமன்!"

"வேண்டாம். அவர் நல்லாத்தான் சொல்லுறார்."

ஊர் என் கதையை வைத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டது போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கூரை அசைந்து, தோழியின் முகம் வந்தது. போனை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். காற்று இரைந்தது.

"மன்னிச்சுக்கொள், உன்னை விழுத்திப்போட்டம். கழுதை உன்னுடையது எண்டு சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இனி நான் இவையோட இப்பிடி இருக்கேலாது. நாளைக்கு வழக்கோட எனக்கு முன்னால வந்து நிக்கிற ஆக்களெல்லோ. ஊர் ஊராப் போய், ஒரு அறையில தனிய இருந்து சாண்ட்விச் சாப்பிடோணும்." காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ எப்பிடிப் பழகினனீ?"

"பழகேல்லை" என்றேன்.

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

கோடையில் அவள் பீலுக்கு வந்தாள். ஏரிக்கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மகள் கல் எறிந்து விளையாடினாள். தோழி தண்ணீரைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை.

"என்ன புதினம்?" என்று என்னிடம் கேட்டாள்.

ஊர் வம்பைத்தான் கேட்கிறாள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. சொலிசிற்றர்களின் போன் குழுவிலிருந்து அவள் நியமனத்தன்றே விலகியிருந்தாள். நான் அதில் இன்னும் இருக்கிறேன். சந்தைத் தெருவில் இரண்டு அலுவலகங்கள் ஒன்றாகப் போவதையும், ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததையும், கோல்ஃப் போட்டியில் இரண்டு பங்காளிகள் கோபித்துக்கொண்டு இன்னும் கதைக்காமல் திரிவதையும் சொன்னேன்.

"பிறகு?" என்றாள், என் பக்கம் முழுவதும் திரும்பி. "பிறகு?"

நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.