சமனில் முடிந்தால் போதும்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ், எங்கள் கல்லூரிக்கு முந்தைய ஸ்டாப்பிங்கில் ஒரு டாக்கீஸ் வாசலில் நிற்கும். என் படிப்பைக் கெடுத்தது அந்த ஸ்டாப்பிங்தான், என் மேல் தப்பே கிடையாது. பார்த்த காலைக்காட்சிகள் எல்லாம் சேர்ந்து, இரண்டாம் ஆண்டு முடிவில் எனக்கு மூன்று நாள் வருகை குறைந்தது. அந்த மூன்று நாள் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் மறுநாளே மண்வெட்டியைக் கையில் கொடுத்துக் கழனிக்கு அனுப்பிவிடுவார்.

வகுப்பில் உட்கார்ந்து நாளைச் சேர்க்கவும் வழியில்லை, படிப்பு விடுமுறை விட்டாயிற்று. அப்போதுதான் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது. கல்லூரி கால்பந்து அணியின் கோல்கீப்பருக்குப் பொன்னுக்குவீங்கி கண்டு, கன்னம் இரண்டும் பூசணிக்காயாகிவிட்டது.

அணித் தலைவன் என்னைத் தேடி வந்தான். ஓரிக்கைப் பக்கம், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, கடைசி வருடம். வருடாவருடம் முதல் சுற்றிலேயே தோற்றுவந்த அணி, இந்த முறை எதிரணியின் பஸ் வழியில் நின்றுபோனதால் இரண்டாம் சுற்றுக்கு வந்திருந்தது.

"நீதான் நெட்டையா கீற. கோல்ல நில்லுடா, எனக்கு இதான் கடைசி சீசன்," என்றான்.

"எனக்கு இன்னா கெடைக்கும்?" என்றேன்.

பக்கத்திலிருந்த பி.டி. மாஸ்டர், "ஒரு மேட்ச்சுக்கு ஒரு நாள் அட்டெண்டன்ஸ் போட்டுத் தரேன்," என்றார்.

விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜெயித்தாலும் அடுத்த சுற்று பத்து நாள் கழித்துத்தான். வருகைக் கணக்கையோ வெள்ளிக்கிழமை மாலை மூடிவிடுவார்கள். ஆனால் ஆட்டம் சமனில் முடிந்தால் மறுநாளே திரும்ப ஆட வேண்டும். முதல் ஆட்டம் புதன்கிழமை. ஆக நான் ஜெயிக்கவும் கூடாது, தோற்கவும் கூடாது. உலகத்தில் எந்த கோல்கீப்பருக்கும் இப்படி ஒரு வேண்டுதல் இருந்திருக்காது.

புதன்கிழமை இரண்டு அணியும் மாடு விரட்டுவதுபோல் பந்தை விரட்டின. கோல் விழவில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

வியாழக்கிழமை தலைவன் காரியத்தைக் கெடுத்தான். நான்கு பேரைத் தாண்டிக்கொண்டு போய் அப்படி ஒரு கோல் அடித்தான். எல்லோரும் அவனைத் தோளில் தூக்கினார்கள். நான் மட்டும் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மிச்ச நிமிடங்களை எண்ணினேன். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிரணிக்காரன் ஒருவன் உதைத்த பந்து வலப்பக்கமாக உருண்டு வந்தது. ஆடு நின்றிருந்தால்கூட அதைத் தடுத்திருக்கும். நான் இடப்பக்கம் பாய்ந்தேன், மண்ணில் இரண்டு சுற்று புரண்டேன், முழங்காலையும் தேய்த்துக்கொண்டேன். ஒன்றுக்கு ஒன்று, சமன்.

"வெயில்ல கண்ணு கூசிட்ச்சு சார்," என்றேன்.

"வெயில் உன் முதுகுப் பக்கம் கீதுடா," என்றார் மாஸ்டர்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எல்லோரும் சிரித்தார்கள். தலைவன் மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சத்தியமாக நான் ஒழுங்காகத்தான் பிடித்தேன். ஆனாலும் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். தலைவன் மைதானத்திலேயே உட்கார்ந்து வெகுநேரம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் மாஸ்டரின் பின்னால் கையெழுத்துக்கு ஓடினேன்.

பரீட்சையின் முதல் நாள், தலைவன் கல்லூரி வாசலில் என்னை நிறுத்தினான்.

"ஹால் டிக்கெட் வந்துட்ச்சா?"

"வந்துட்ச்சு."

"பந்து எந்தப் பக்கம் வருதுன்னு பாத்துக்கினேதான் நீ எதிர்ப்பக்கம் வுழுந்த. நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"போ, நேரமாவுது. பாஸாவது பண்ணு," என்று முதுகில் தட்டி உள்ளே அனுப்பினான்.

பண்ணவில்லை. இரண்டு பேப்பர் போய்விட்டது. அதை அவனிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.