தாள் மாவும் ஈரத் துண்டும்

என் கணவர் தன் ஆயுளின் பெரும்பகுதியை வளைகுடாவில் ஓர் இனிப்புக் கடையின் பின்கட்டில் மாவு விரித்தே கழித்தார். கடையின் முன்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. மாவைப் பற்றிக் கேட்டால் நிறுத்தத் தெரியாது. ஃபைலோ என்று அதற்குப் பெயர். அவர் தாள் மாவு என்பார். மைதாவைப் பிசைந்து, ஊறவைத்து, தாளைவிட மெல்லிசாக விரித்து, அடுக்கடுக்காக நெய் தடவி, நடுவில் பருப்பைத் தூவிச் சுட்டு, மேலே பாகு ஊற்றினால் அந்த ஊர்க்காரர்களின் இனிப்பு தயார்.

மலை மேல் ஜமுனாமரத்தூரில், பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தையல் கடை. கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் மெஷின், பின்னால் அடுப்பு. அவர் போனில் பேசும்போது நான் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்பேன். "எவ்ளோ மெல்லிசுங்க? லைனிங் துணி மாரி இருக்குமா?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "லைனிங்கா? எங்க தாளுக்கு முன்னாடி அது சாக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. துணியைப் பற்றி என்னிடம் யாரும் அப்படிப் பேசக்கூடாது.

இனிப் போவதில்லை என்று அவர் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்த வருடம், மழை ஓய்ந்த பிறகு ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. வேலூரில் படுக்கவைத்து, பிழைக்கவைத்து அனுப்பினார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கடி நடப்பார். கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது, யாரோ மாட்டிவைத்துவிட்டு மறந்துபோன சட்டைக் கை மாதிரி.

போளூரில் ஒரு பெண் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பாள். சின்ன வயசு, பொறுமைசாலி. அவள் ஒரு ரப்பர் பந்தை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிக் காட்டினாள். வெளியே வந்து என்னிடம் தனியாகச் சொன்னாள்: "இந்த மாசங்கள்ல வர்றதுதாம்மா வரும். விட்டுட்டா அப்புறம் கை இறுகிப் போயிடும். அவரா முயற்சி பண்ணணும். நீங்க அவருக்காகப் பண்ண முடியாது."

அவர் முயற்சி பண்ணவில்லை. வீட்டுக்கு வந்ததும் பந்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் எடுத்து வைப்பேன், அவர் தள்ளுவார். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார். காலையில் அந்தச் சுவர், மத்தியானம் அந்தச் சுவர், விளக்கு வைத்த பிறகும் அதே சுவர்தான். நான் கெஞ்சினேன், திட்டினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். அத்தனை நீளமும் அந்த முதுகில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. அவர் செத்துப்போய்விடுவாரோ என்று நான் பயப்படவில்லை. உயிரோடு இருந்துகொண்டே போய்விடுவாரோ என்றுதான் பயந்தேன்.

மாவு பிசையலாம் என்று எனக்குத் தோன்றியது ஒரு வீம்பில்தான். பந்தைத் தொடாத கை மாவைத் தொடாதா என்று நினைத்தேன். அவர் செய்யாவிட்டால் போகிறது, நான் செய்கிறேன், கண்ணால் பார்க்கட்டும். போனில் கேட்டது பாதி நினைவில் இருந்தது. மீதியை என் போனில் ஓடிய வீடியோக்களில் பார்த்துக்கொண்டேன். மைதா, உப்பு, எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, வெதுவெதுப்பான தண்ணீர். கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, வேண்டுமென்றே சத்தம் வரும்படி அடித்து அடித்துப் பிசைந்தேன். முதுகு அசையவில்லை.

முதல் நாள் மாவு கிழிந்தது. சப்பாத்திக் கட்டை தடிமனாக இருந்ததால் நடுவில் அழுத்தி ஓரத்தை விட்டுவிட்டது. மறுவாரம் சந்தை நாள். மலைக்குள் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஷேர் ஜீப்பில் ஒரு பெண் வருவாள். சாமையும் தேனும் விற்பவள். பல வருடங்களாகத் தன் மூட்டையை என் கடையில் வைத்துவிட்டுத்தான் சந்தைக்குள் போவாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மெல்லிசா நீளமா ஒரு கோல் வேணும். சின்ன விரல் தண்டிதான் இருக்கணும். கோணல் இருக்கக்கூடாது."

"மூங்கில்ல சீவி எடுத்தாறேன்க்கா. அண்ணன் எழுந்து ஒக்காருவாரா அதுக்கு?"

"யாருக்குத் தெரியும். கோலை எடுத்துக்கினு வா."

அடுத்த சந்தைக்கு அவள் கொண்டுவந்த கோல் அவ்வளவு அழகு. கணுவை எல்லாம் இழைத்து, விளக்கெண்ணெய் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. நான் விடியற்காலையிலேயே பிசைந்து ஊறவைத்திருந்தேன். எலுமிச்சை அளவு உருண்டைகள் பிடித்து, பூரி அளவுக்குத் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சோளமாவு தூவி ஏழெட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். அடுக்கை மொத்தமாகக் கோலில் சுற்றிச் சுற்றி உருட்ட வேண்டும். உருட்ட உருட்ட அது பரந்தது. கோலிலிருந்து விரித்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தபோது என் கையே எனக்குத் தெரிந்தது, தாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ரேகைகூடத் தெரிந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. லைனிங் துணி சாக்குதான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இந்த மலையிலும் அடிவாரத்திலும் பிறந்த எந்தப் பெண்ணும் செய்திருப்பாள். மெல்லிசாக மாவு விரித்தால் அடுத்தது என்ன? வெயில். வடாம் ஆனாலும் அப்பளம் ஆனாலும் வேட்டியை விரி, காயப்போடு, காக்காய் விரட்டு. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சந்தை முடிந்து வந்த அவளும் யோசிக்கவில்லை. "ஈரமா கீதுக்கா, வெயில்ல போட்டா செத்த நேரத்துல காஞ்சிடும்" என்று வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மாசி மாதம். மழைக்காலத்துக் குளிர் போய், மலை மேல் காற்று வறட்டுக் காற்றாக அடிக்கும் நேரம். இருவருமாகப் பின்வாசலில் வேட்டியை விரித்து, தாள்களை அதன் மேல் போட்டுவிட்டுப் பெருமையோடு நின்றோம்.

உள்ளே கட்டில் தடதடவென்று ஆடியது.

ஓடினேன். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சுச் சத்தத்துக்குத் திரும்பியிருக்கிறார், பின்கதவு திறந்திருந்ததால் வேட்டி அவருக்குத் தெரிந்திருக்கிறது. முகம் சிவந்து, வாயிலிருந்து ஆ, ஆ என்று ஒரே சத்தம்.

"இன்னாங்க? பாத்ரூம் போணுமா? தண்ணியா?"

இல்லையென்று தலையை வேகமாக ஆட்டினார். மறுபடி அடி. நான் தண்ணீர் எடுத்து நீட்டினேன், தட்டிவிட்டார். தம்ளர் உருண்டு ஓடியது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாங்க, போங்க என்றே பேசிவந்தவள் நான். அன்றைக்கு அது போயிற்று.

"நீ சுவத்தையே பாத்துக்கினு கெட! எனக்கு இன்னா வந்துச்சி? ஒனக்காகத்தான் விடியக்காலம் எழுந்து மாவு பிசையறேன், கேக்கறியா நீ?"

அவர் எழுந்தார். நான் பிடிக்கவில்லை, பிடிக்கத் தோன்றவில்லை. காலை இழுத்து இழுத்துச் சுவரோரமாகவே பின்வாசல் வரைக்கும் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தாள்கள் சருகாகச் சுருண்டு, காற்றில் ஒன்றோடொன்று இடித்து நொறுங்கிக்கொண்டிருந்தன. அவள் ஒன்றை எடுக்கப் போனாள், விரலிலேயே தூளானது. "ஐயோ அக்கா" என்றாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். மாவுக்காக அழவில்லை. அந்த மாதங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, வெட்கமில்லாமல், சத்தமாக அழுதேன். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியைச் சுருட்டினாள்.

பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவர் தோளில் கிடந்த துண்டைப் பின்வாசல் வாளியில் முக்கி எடுத்திருந்தார். அதை என்னிடம் காட்டி, பாத்திரத்தில் மூடிக் கிடந்த மீதி உருண்டைகளைக் காட்டினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெயிலே ஆகாது. தாளைப் பிரித்த கணமே ஈரத் துணியால் மூட வேண்டும். போனில் சொல்லியிருப்பார். நான் காஜா எடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

துண்டு சொட்டச் சொட்ட இருந்தது. அதைப் பிழிய வேண்டும். ஒரு கையால் பிழிய முடியாது.

நான் கை நீட்டினேன். அவர் தரவில்லை. நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தன் வலது கையைப் பார்த்தார். படுத்த நாளிலிருந்து அந்தக் கையை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. இடது கையால் துண்டின் ஒரு முனையை வலது உள்ளங்கையில் திணித்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு மறுமுனையை முறுக்கினார். வலது கை விட்டுவிட்டது, துண்டு மண்ணில் விழுந்தது. அவள் எடுத்து அலசிக் கொடுத்தாள். மறுபடி திணித்தார், மறுபடி விழுந்தது. நான் வாயைத் திறக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்கும் பிறகு ஒருமுறை முறுக்கியபோது துண்டு விழவில்லை. விரல்கள் நடுங்கின. மணிக்கட்டில் நரம்பு எழுந்தது. தண்ணீர் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், முழங்கை வழியாக ஓடிக் கீழே சொட்டியது. கை பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணன் புடிச்சிக்கினார்க்கா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள், சத்தம் போட்டால் கை விட்டுவிடும் என்பது போல.

மீதி உருண்டைகளை நான் விரித்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் அந்தத் துண்டால் மூடினார். சரியாகப் பிழியாத துண்டு. ஈரம் இறங்கி மேல் தாள் கூழாகிவிட்டது. கடையில் அப்படிச் செய்திருந்தால் அவரை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள். மீதித் தாள்களில் நெய் தடவி, வேர்க்கடலைப் பொடி தூவி, தட்டில் அடுக்கி, அடியில் மணல் பரப்பிய அலுமினியப் பாத்திரத்துக்குள் அந்தத் தட்டை வைத்து மூடிச் சுட்டோம். மேலே நெல்லிவாசல் தேன். அடி தீய்ந்திருந்தது. அவள் அந்த இனிப்பில் இரண்டு வில்லைகளைத் தையல் காகிதத்தில் மடித்துக்கொண்டு கடைசி ஜீப்புக்கு ஓடினாள்.

இதற்கு மேல் கை பெரிதாகத் திரும்பிவிடவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சட்டைப் பொத்தான் இன்றைக்கும் நான்தான் போட்டுவிடுகிறேன். பேச்சும் நாலைந்து வார்த்தைகளுக்கு மேல் வரவில்லை. பந்தை அவர் இன்றுவரை தொடவில்லை. ஆனால் தினம் காலையில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து கொடியில் போடுவார். அன்றைக்கு அது எவ்வளவு சொட்டுகிறது என்பதைப் பார்த்துத்தான் நான் கடையைத் திறப்பேன்.

அவர் துண்டு பிழிந்த அந்த முதல் நாள் இரவு, பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்து விளக்கை அணைக்கப் போனேன். அவர் படுத்திருந்தார். கூழாகிப்போன அந்த மேல் தாளை நான் வீசாமல் தட்டில் வைத்திருந்தேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விளக்கை அணைக்கவில்லை. அவர் முகம் என் பக்கம் இருந்தது.